கூடைக் கயிற்றின் மேல் போட்ட பழி

எக்ஸ்ரே எடுக்கிற தம்பிக்கும் எனக்கும் சண்டை வந்தது ஒரு கொண்டை ஊசியால். இத்தனைக்கும் அந்த ஊசி என் தலையிலேயே இல்லை.

பதுளை ஆஸ்பத்திரியில் என்னைப் பலகையோடு ஒட்டி நிற்க வைத்துக் கழுத்தைப் படம் எடுத்தார் அந்தத் தம்பி. உள்ளே போய்ப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தார். “அக்கா, இரும்பு இருந்தா படம் பழுதாகிரும்னு சொன்னேனே. கொண்டை ஊசிய கழட்டலையா?” என்றார். ஊசி, வளையல், தோடு எல்லாம் வெளியே என் வீட்டுக்காரரின் சட்டைப்பையில் கிடந்தன. முடியை உதறிக் காட்டினேன். மறுபடி எடுத்தார், மறுபடி வந்தார். “அப்ப சங்கிலி?” என்றார். “இது சங்கிலி போடுற கழுத்தா தம்பி? நல்லா பாருங்க” என்று எரிந்து விழுந்தேன். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை, எனக்கும் கோபம் வராதா?

மூன்றாம் தடவையும் எடுத்தார். என்னை உள்ளே கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். சாம்பல் நிறத்தில் என் கழுத்தெலும்புகள் அடுக்கி வைத்த மாதிரித் தெரிந்தன. அவற்றுக்குப் பக்கத்தில், பாசிப்பயறு அளவில், பளிச்சென்று வெள்ளையாக ஒன்று.

“இது வெளிய இல்லக்கா. உங்க உள்ளுக்குள்ள இருக்கு” என்றார் மெதுவாக. நான் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொன்னால்தான் விளங்கும். என் பெயர் ஜெயா. பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து எடுக்கிறேன். வீட்டுக்காரர் சிவலிங்கம் அதே தோட்டத்து ஃபெக்டரியில் வேலை. மகள் தர்ஷினி பள்ளிக்கூடம் போகிறாள். இரண்டு வருஷமாக என் வலது கையின் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துக்கொண்டே வந்தன. கொழுந்தெடுக்க வேண்டியதே அந்த இரண்டு விரலும்தான். கண் அடுத்த செடிக்குப் போய்விடும், எது இளசு எது முற்றல் என்று விரல்தான் பார்த்து ஒடிக்கும். என் விரல்களுக்கு அது தெரியாமல் போய்விட்டது. ஒரு நாள் கணக்கப்பிள்ளை என் கூடைக்குள் கையை விட்டு முற்றல் இலையாக அள்ளிக் காட்டி, “என்னா ஜெயா, மாட்டுக்கா அறுத்துக்கிட்டு வந்த?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, லயத்து வீட்டுக்கு வந்து அழுதேன்.

இதற்கு எங்கள் தோட்டத்தில் எல்லோரும் சொன்ன காரணம் ஒன்றுதான், கூடைக் கயிறு. முதுகில் தொங்குகிற கூடையின் கயிற்றை நாங்கள் உச்சந்தலையில் மாட்டியிருப்போம். கொழுந்து நிறைய நிறையப் பாரம் முழுவதும் கழுத்துக்குத்தான். அதனால் எங்கள் மலையில் கழுத்து நோகாத பொம்பளையைப் பார்க்க முடியாது. கை மரத்தாலும் கயிறு, தலை சுற்றினாலும் கயிறு, பால் திரிந்தாலும் கயிறு என்பார்கள் போலிருக்கிறது. தோட்டத்து டிஸ்பென்சரியில் தைலமும் மாத்திரையும் கொடுத்து, “கூடை தூக்குற கழுத்து நோகாம இருக்குமா?” என்று அனுப்பிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நானே அப்படித்தான் நம்பினேன். துணியை மடித்துத் தலையில் வைத்து, அதன் மேல் கயிற்றை மாட்டிக்கொண்டு, இன்னும் கூடுதலாகவே பாரம் தூக்கினேன்.

பெருவிரலுக்குக் கீழே இருக்கிற சதை வற்றிக் குழி விழுந்தபோதுதான் மகள் பிடிவாதம் பிடித்தாள். “கயிறுன்னா எல்லாருக்கும் ரெண்டு கையும்ல மரக்கணும்? ஒங்களுக்கு மட்டும் ஏன் ஒரு கை?” என்று கேட்டாள். யாருக்கும் தோன்றாத கேள்வி. அப்படித்தான் பதுளைக்கு பஸ் ஏறினோம்.

எக்ஸ்ரேயோடு நரம்பு டொக்டரின் அறைக்குப் போனோம். தமிழ் பேசுகிற சின்ன வயது டொக்டரம்மா ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு, “எப்பவாவது கழுத்துல அடிபட்டிருக்கா?” என்று கேட்டார். என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டு, “அது கூடைக் கயிறுங்க டொக்டர்” என்றார்.

“கயித்துல இரும்பு இருக்காதே ஐயா” என்றார் டொக்டரம்மா.

அவர் என் முடியை விலக்கிப் பின்கழுத்துத் தழும்பில் விரலை வைத்தார். என் வாயில் ஒரே ஒரு வார்த்தைதான் வந்தது. “ஷெல்” என்றேன், யுத்தத்தில் வந்து விழுகிற குண்டு. அந்தத் தழும்பு சின்ன வயதில் கிணற்றடியில் விழுந்ததால் வந்தது என்றுதான் வீட்டுக்காரருக்குச் சொல்லியிருந்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் அவரைப் பார்க்கவில்லை.

என் அப்பாவும் அம்மாவும் இந்தத் தோட்டத்துக்காரர்கள்தான். இனக் கலவரத்துக்குப் பயந்து வடக்கே வன்னிக்குப் போய்க் காடு வெட்டிக் குடியேறினார்கள். நான் பிறந்ததும் படித்ததும் கிளிநொச்சிப் பக்கம். யுத்தத்தின் கடைசி மாதங்களில் எனக்குப் பத்தொன்பது வயது. யுத்தம் முடிந்த பின் அகதி முகாமிலிருந்து என்னை இங்கே கூட்டி வந்தவர் அப்பாவின் தங்கை, என் அத்தை. தன் மகனுக்கே என்னைக் கட்டி வைத்தவரும் அவர்தான். வந்த அன்றைக்கே, “வன்னியில இருந்து வந்தவளுன்னு வெளிய மூச்சு விட்டுறாத. ஏதாவது ஒண்ணுன்னா பொலிஸ்காரங்க நம்ம லயத்தத்தான் மொதல்ல தட்டுவாங்க” என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை, அப்படிப்பட்ட காலம் அது. நானும் வாயை மூடிக்கொண்டேன், வீட்டுக்காரரிடம்கூட அங்கே நடந்ததைச் சொல்லவில்லை. பேச்சைக்கூட இந்த ஊர்ப் பேச்சாக மாற்றிக்கொண்டேன்.

ஆனால் கழுத்தில் இரும்பு இருப்பது சத்தியமாக எனக்கே தெரியாது. ஷெல் பட்ட அன்றைக்கு, ஆஸ்பத்திரியாக மாற்றிய ஒரு பள்ளிக்கூடக் கட்டிடத்தில், மயக்க மருந்து இல்லாமல், ஒருவர் என் கழுத்திலிருந்து ஒரு துண்டை இழுத்தெடுத்துக் காட்டினார். “எடுத்தாச்சு பிள்ளை, இனிப் பயமில்லை” என்றார். எடுத்தது ஒன்று, உள்ளே நின்றது இன்னொன்று. பின்னால் காத்திருந்தவர்களின் வரிசை வாசலைத் தாண்டிப் போயிருந்தது. அந்த மனிதர் அதற்கு மேல் என்ன செய்வார், பாவம்?

டொக்டரம்மா பொறுமையாக விளக்கினார். கழுத்தெலும்புகளின் இடுக்கிலிருந்துதான் கைக்கு நரம்புகள் இறங்குகின்றன. அந்தத் துண்டு ஒரு நரம்பு வெளியே வரும் இடத்தில் நிற்கிறது. உடம்பு அதைச் சுற்றித் தடித்த தோல் மாதிரி ஒன்றை வளர்த்து வைத்திருக்கிறது. அந்தத் தடிப்பு நரம்பை நசுக்குகிறது. “கயித்துக்கும் கொஞ்சம் பங்கு இருக்கு. தெனமும் அந்தப் பாரம் கழுத்த அமுக்க அமுக்க, துண்டு நரம்போட உரசியிருக்கு. ஆனா பாவம், பழி பூரா கயித்துக்கு” என்றார்.

எம்.ஆர்.ஐ. என்கிற படம் எடுத்தால் நரம்பு நன்றாகத் தெரியுமாம். ஆனால் அந்த மெஷின் பெரிய காந்தம். உள்ளே இரும்புத் துண்டோடு படுத்தால் அதை இழுத்து அசைத்துவிடும். அதனால் எனக்கு சீ.டி. ஸ்கேன்தான் எடுத்தார்கள். அதில் காந்தம் இல்லை, கழுத்தைத் துண்டு துண்டாக அறுத்துப் பார்த்த மாதிரிப் படங்கள் வரும். பிறகு கையில் ஊசி குத்தி, மின்சாரம் விட்டு, நரம்பு எவ்வளவு வேகமாகச் செய்தி கொண்டுபோகிறது என்று பார்த்தார்கள். ஒவ்வொரு ஷொக்குக்கும் கை தானாகத் துள்ளியது. “என் பேச்ச கேக்காத கை உங்க பேச்ச நல்லா கேக்குதே” என்றேன். சோதனை செய்த பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

இதற்கெல்லாம் காத்திருந்த பொழுதுதான் பெரிய பாடு. வாங்குப் பலகையில் உட்கார்ந்து மற்றவர்களின் வியாதிகளை எல்லாம் மனப்பாடம் செய்துவிட்டேன். என் வீட்டுக்காரர் சோறு கட்டிக்கொண்டு வந்து, பிசைந்து, கரண்டியால் ஊட்டிவிடுவார். பாதி வாயில், பாதி மடியில். “ஃபெக்டரியில தேயிலையையும் இப்படித்தான் கொட்டுவீங்களா?” என்று கேட்பேன். மடியைத் துடைத்துவிட்டு அடுத்த வாய் எடுப்பார். “ஷெல்” என்ற வார்த்தையைக் கேட்ட நாளிலிருந்து அவர் என்னிடம் சத்தமாகப் பேசுவதையே விட்டுவிட்டார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

பிறகு என்னை வார்ட்டில் சேர்த்தார்கள், பெரிய டொக்டர் வந்தார். சிங்களத்தில் சொன்னதை டொக்டரம்மா தமிழில் சொன்னார். அப்படியே விட்டால் கை கொஞ்சம் கொஞ்சமாகச் சூம்பும். எடுத்தால் தேறலாம், தேறாமலும் போகலாம். நரம்போடு ஒட்டிய இடம் என்பதால், சிலருக்குக் கை முழுவதும் விழுந்துவிடவும் கூடும். “உத்தரவாதம் தர ஏலாது. நீங்கதான் யோசிச்சுச் சொல்லணும்” என்றார்.

வலது கை போனால் எனக்கு என்ன மிஞ்சும்? கொழுந்து கிடக்கட்டும். மகள் பெரியவளாகும்போது அவளுக்கு ஒரு பூ வைத்துவிட ஏலாது, ஒரு பிடி சோறு அள்ளிச் சாப்பிட ஏலாது. வீட்டுக்காரர், “வேணாம் புள்ள. இருக்கிற கையோட இருந்துருவோம். நான் ஊட்டி விடுறேன்” என்றார். “நீங்க ஊட்டினா நான் பட்டினியிலயே செத்துருவேன்” என்றேன். அவர் சிரிக்கவில்லை, கண் கலங்கினார்.

வார்ட்டில் என் பக்கத்துக் கட்டிலில் சோமா அக்கா. மொனராகலைப் பக்கத்துச் சிங்களக் கிராமம், முதுகெலும்பில் ஒப்பரேஷன் செய்திருந்தார்கள். அவருக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், எனக்குப் பூட்டியிருக்க வேண்டும். பதுளைக் குளிரில் அதுவே எங்களுக்குத் தினசரி யுத்தம். எனக்குச் சிங்களம் விளங்கும், அவருக்குத் திட்டுகிற அளவுக்குத் தமிழ் தெரியும். ஆகவே சண்டைக்குக் குறைவில்லை. ஆனால் என் கழுத்தில் ஷெல் துண்டு என்று டொக்டர் சொன்னதை அவர் கேட்டுவிட்ட பிறகு ஜன்னல் பேச்சே எடுக்கவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். சரி, நம்மைப் புலிகள் கணக்கில் சேர்த்துவிட்டாரோ என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று பின்னேரம் பார்க்க வருகிற நேரத்தில் தர்ஷினி வந்தாள். கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து, “அம்மா, யாரு அத சுட்டது?” என்று கேட்டாள்.

“தெரியாதும்மா. அது யாருகிட்டயும் பேரு சொல்லிட்டு வர்றதில்ல.”

“அப்ப நீங்க எங்க இருந்தீங்க?”

பதினைந்து வருஷத்துக்கு மேலாக நான் ஒருவரிடமும் சொல்லாததை அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்துச் சொன்னேன். அப்பா காய்ச்சலில் முன்னமே போய்விட்டார். நானும் அம்மாவும் ஊர் ஊராகக் கடற்கரைப் பக்கம் நகர்ந்தோம். போகிற இடமெல்லாம் பதுங்கிக்கொள்ளப் பங்கர் குழி வெட்டினோம். மண் மூட்டைக்குச் சாக்கு கிடைக்கவில்லை. பெண்கள் எல்லோரும் சேலைகளைக் கிழித்துப் பை தைத்து மண்ணை நிரப்பினோம். அம்மாவின் கலியாணச் சேலையும் அதில் போனது. பட்டும் சரிகையுமாக மண் மூட்டை அடுக்கியிருந்ததைப் பார்த்து அம்மா, “ஏழைக்கு இப்படி ஒரு மாளிகை கெடச்சிருக்கு” என்று சிரித்தார். அன்று உள்ளே புகை அடைக்கிறது என்று அம்மா வெளியே அடுப்பு மூட்டினார். நான் வாசலில் நின்று விறகு எடுத்துக் கொடுத்தேன். சத்தம் கேட்டதா என்றுகூட நினைவில்லை. கழுத்தில் யாரோ கல்லால் அடித்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன். அம்மா எழும்பவில்லை.

“நான் வெட்டுன பங்கருக்குள்ளயே அம்மாவ வச்சு, அந்த மூட்டைகள அவுத்து மண்ணப் போட்டு மூடினோம்மா. பொறகு அன்னிக்கே அங்கருந்து கெளம்பிட்டோம். இப்ப போனாலும் அது எந்த எடம்னு எனக்குத் தெரியாது.”

மகள் என் மரத்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். வீட்டுக்காரர் கட்டில் கால்மாட்டில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தார். “ஏன் புள்ள இவ்வளவு நாளா எங்கிட்ட சொல்லல?” என்றார். “சொன்னா மறுபடி நடக்கும்போல இருந்துச்சு” என்றேன். அவருடைய பெரிய கை என் தலையில் வந்து உட்கார்ந்தது. கூட்டத்துக்கு முன்னால் அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

அவர்கள் போன பிறகு சுவர்ப்பக்கத்திலிருந்து குரல் வந்தது. சோமா அக்கா திரும்பாமலே, தங்கச்சியைக் கூப்பிடுகிற மாதிரி நங்கி என்று கூப்பிட்டுச் சிங்களத்தில் பேசினார். “நங்கி, எங்க ஊருக்கும் ஆயுதத்தோட வந்தாங்க. ராத்திரியில. என் பெரியம்மா வீட்டுல யாருமே மிஞ்சல. அதுக்குப் பொறகு வருஷக்கணக்கா பொழுது சாஞ்சா நாங்க காட்டுலதான் படுப்போம். அழுற புள்ளைங்க வாயில துணிய அமுக்கிக்கிட்டு. என் தங்கச்சி புள்ள அப்படியே மூச்சடைச்சுப் போச்சு.”

இதே ஊவா மாகாணத்தில், பசறையிலிருந்து பஸ் ஏறினால் போய்விடக்கூடிய ஊரில், இப்படி ஜனங்கள் காட்டில் படுத்திருந்தார்கள் என்பதை அதுவரை எனக்கு ஒருவரும் சொன்னதில்லை. எங்கள் பங்கரைப் பற்றி அவருக்கும் ஒருவரும் சொன்னதில்லை. எழுந்து உட்கார்ந்து, “அக்கே, ஜன்னல தொறக்கவா?” என்று கேட்டேன். “வேணாம், உனக்குக் குளிரும்” என்றார். அதற்கும் ஒரு சண்டை போட்டோம்.

அந்த இரவு எனக்குத் துக்கத்தைவிடக் கோபம்தான் வந்தது. யுத்தம் முடிந்துவிட்டது என்று ஊரே சொல்கிறது. எனக்குள் மட்டும் அது உட்கார்ந்துகொண்டு, என் நரம்பைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருக்கிறது. அம்மாவை எடுத்தது போதாதா, கையும் வேண்டுமா அதற்கு? காலையில் டொக்டரம்மா வந்ததும், “எடுத்துருங்க. என்ன ஆனாலும் சரி” என்றேன். பயம் இல்லாமல் இல்லை. ஒப்பரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது இடது கையால் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சோமா அக்கா தன் மணிக்கட்டில் பிக்கு ஓதிக் கட்டியிருந்த பிரித் நூலைத் தொட்டு என் நெற்றியில் வைத்தார். வீட்டுக்காரர் தான்தோன்றீஸ்வரர் முதல் கதிர்காமக் கந்தன் வரை ஒரு சாமியையும் விடாமல் கூப்பிட்டார்.

மயக்கம் தெளிந்தபோது நான், “தண்ணி தாங்கோ, ஆரும் இல்லையோ?” என்று கேட்டேனாம். வீட்டுக்காரர் பதறிப்போய் நர்ஸிடம், “மிஸ், ஒப்பரேஷன்ல எதையோ மாத்தி வச்சிட்டாங்களா? இவ இப்படிப் பேச மாட்டாளே!” என்றாராம். அத்தை சொன்ன நாளில் மூட்டை கட்டி வைத்த என் வன்னிப் பேச்சு மயக்க மருந்தில் அவிழ்ந்துவிட்டது. அன்றிலிருந்து அவர் செல்லமாக என்னை “தாங்கோ” என்றுதான் கூப்பிடுகிறார்.

துண்டைச் சின்னப் போத்தலில் போட்டுக் கொண்டுவந்து காட்டினார்கள். கறுத்துப்போன ஒரு பொடித் துண்டு. “இத வீட்டுக்குக் கொண்டு போனா பொலிஸ்ல கேப்பாங்களா டொக்டர்? பஸ்ஸுல செக் பண்ணினா?” என்று வீட்டுக்காரர் நடுங்கினார். அவர் பயத்தைப் பார்த்து டொக்டரம்மாவுக்குச் சிரிப்பு, எனக்கு வயிற்றெரிச்சல். பக்கத்தில் நின்ற ஒருவர், அம்மாவின் ஞாபகமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். எனக்கு வந்ததே ஆத்திரம். “எங்கம்மா ஞாபகத்துக்கு இதா? எங்கம்மா நல்லா சமைப்பாங்க, நல்லா சண்ட போடுவாங்க. அத நான் ஞாபகம் வச்சுக்குவேன். இத எங்கயாவது தூக்கிப் போடுங்க” என்றேன்.

ஆனால் கை அசையவில்லை. முன்பு மரத்திருந்தது இரண்டு விரல், இப்போது முழங்கை வரைக்கும் மரக்கட்டை. நரம்பைத் தொட்டு எடுத்ததால் வீக்கம் இருக்கும், வீக்கம் வடிந்தால்தான் தெரியும் என்றார்கள். பயிற்சி கொடுக்கிற பிள்ளை வந்து ரப்பர் பந்தை உள்ளங்கையில் வைத்து மூடச் சொன்னது. பந்து உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. காலையும் மாலையும் இதே கதை. கண்ணை மூடச் சொல்லி ஊசிமுனையால் விரல்களைத் தொட்டு, “இப்ப? இப்ப?” என்று டொக்டரம்மா கேட்பார். நான் இல்லை இல்லை என்பேன். ஒரு நாள் பொய்யாக ஆமாம் என்றேன். அவர் அப்போது ஊசியால் தொடவே இல்லையாம். அன்று தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்தேன். நானே வெட்டச் சொல்லி என் கையை நானே தொலைத்துக்கொண்டேன் என்று நினைத்தேன். மகள் வந்தபோது கையைப் போர்வைக்குள் ஒளித்துக்கொண்டேன்.

சோமா அக்காவை வீட்டுக்கு அனுப்புகிற நாள் வந்தது. அவருடைய மகள் பிளாஸ்க்கில் பாலில்லாத தேயிலைச் சாயத்தண்ணி கொண்டு வந்திருந்தாள். இஞ்சி தட்டிப் போட்டது, ஆவி பறந்தது. சோமா அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, வார்ட்டில் எல்லோருக்கும் தன் கையாலேயே ஊற்றிக் கொடுத்தார். என்னிடம் சில்வர் கோப்பையை நீட்டினார். “நங்கி, மொனராகலைக்கு வா. எங்க வீட்டுல எல்லா ஜன்னலும் தொறந்துதான் இருக்கும்” என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவர் முகத்தையே பார்த்தபடி இரண்டு கையையும் நீட்டி வாங்கிவிட்டேன். பெரியவர்கள் கொடுத்தால் இரண்டு கையால் வாங்குவதுதானே பழக்கம்? கை எப்படிக் கிடக்கிறது என்பதே அந்த நேரம் மறந்துபோனது. இடது கை கோப்பையைப் பிடித்தது, வலது கை அதன் மேல் சும்மா சாய்ந்திருந்தது.

“ஐயோ!” என்று கத்தினேன்.

வார்ட்டே திரும்பிப் பார்த்தது. நர்ஸ் மிஸ் ஓடி வந்தார். “யாரு இவ்வளவு சூடா குடுத்தது? கை வெந்துச்சா?” என்று சத்தம் போட்டார். சோமா அக்கா பயந்துபோய், “மகே அம்மே!” என்று நெஞ்சில் கை வைத்தார். எனக்குக் கண்ணீர் கொட்டியது. வாசலில் நின்ற வீட்டுக்காரர் பாய்ந்து வந்து கோப்பையைப் பிடுங்கப் பார்த்தார்.

“எந்தக் கை புள்ள? எந்தக் கை சுட்டுச்சு?”

“வலது கை” என்றேன். “பெருவெரலு. விடுங்க, எடுக்காதீங்க. இன்னும் கொஞ்சம் சுடட்டும்.”